பட்டம் பெற்ற பிள்ளையும் ஒரு நாள் பரீட்சையும்



கண்டிக்கு அருகே நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு மகள் வந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர். அவருடைய தாத்தா 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் காணி திருத்தியவர். 2009இல் அந்தக் காணியையும் விட்டு ஓட வேண்டியதாயிற்று. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் சில காலம் இருந்தார்கள். பிறகு உறவினரை நம்பிக் கண்டிப் பக்கம் வந்தார்கள். தகப்பனார் இப்போது குத்தகைக் காணியில் போஞ்சியும் கறிமிளகாயும் செய்கிறார். இக்கதை உங்களில் பலருக்குப் புதியதல்ல.

அந்த மகள் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சைக்குப் போய்வந்திருந்தார். ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, கடதாசிக் கட்டொன்றைக் கொடுத்து, அரை மணித்தியாலத்தில் ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்களாம். கடதாசியைப் பார்த்த ஐந்தாம் நிமிடத்திலேயே ஒரு செலவு இரண்டு தடவை கணக்கில் சேர்ந்திருப்பதை இவர் கண்டுகொண்டார். ஆனால் சொல்லவில்லை. மற்ற ஐவரும் பிழையான தொகையை வைத்துக்கொண்டு முடிவெடுத்தார்கள். இவருக்கு வேலை கிடைக்கவில்லை.

“ஏன் பிள்ளை சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“எல்லாரும் இங்கிலீஷ்ல விடாம பேசிக்கிட்டே இருந்தாங்க. இடையில புகுந்து பேசுறது மரியாதை இல்லன்னு நெனச்சேன்” என்றார்.

கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை அந்த மேசையில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். படித்த பிள்ளையும் படிக்காத பெற்றோரும் சேர்ந்திருந்து வாசிக்க வேண்டிய பாடம் இது.

இது என்ன பரீட்சை?

ஆங்கிலத்தில் இதை ‘அசெஸ்மென்ட் சென்டர்’ என்கிறார்கள். ‘சென்டர்’ என்றவுடன் ஒரு கட்டடம் என்று எண்ண வேண்டாம். பலரை ஒரே நாளில் அழைத்து, பலவித வேலைகளைக் கொடுத்துச் செய்யச் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட அவதானிப்பாளர்கள் பார்த்துப் புள்ளியிடும் முறைக்கே அப்பெயர். அது அரை நாளாகவும் இருக்கலாம், முழு நாளாகவும் இருக்கலாம். இப்போது சில நிறுவனங்கள் இதனைக் கணினி வழியாகவும் நடத்துகின்றன.

கணக்காய்வு, வரி, நிறுவனங்களுக்கு ஆலோசனை ஆகிய வேலைகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கும்போது பல நாடுகளில் இம்முறையைப் பயன்படுத்துகின்றன. கே.பி.எம்.ஜி., ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் போன்ற பெயர்களைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எல்லா இடத்திலும் எல்லாப் பகுதியும் இருக்காது. ஓரிடத்தில் எழுத்துப் பரீட்சையும் குழுக் கலந்துரையாடலும் மட்டும் இருக்கும். இன்னோரிடத்தில் அத்துடன் நேர்முகப் பரீட்சையும் பேச்சும் சேர்ந்திருக்கும். வங்கிகளும் பெரிய கம்பனிகளும்கூட இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதுண்டு.

பட்டயக் கணக்காளராக வர விரும்பும் பிள்ளைக்கு இது மிகவும் முக்கியம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் பரீட்சைகளில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட ஓர் இடத்தில் பயிலுநராக வேலை பழகியிருக்கவும் வேண்டும். ஆகவே பயிற்சி இடம் கிடைக்காத பிள்ளை படித்தும் பாதி வழியில் நிற்க நேரிடும்.

இம்முறை எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானிய இராணுவம் தன் அதிகாரிகளைச் சிறிய நேர்முகப் பரீட்சையால் தெரிவு செய்தது. எந்தப் பள்ளிக்கூடம், தகப்பனார் என்ன உத்தியோகம் என்பவற்றுக்கே அங்கே பெரிய இடம் இருந்தது. அப்படி எடுக்கப்பட்ட பலர் பயிற்சியின்போது தகுதியற்றவர்களாகத் திருப்பியனுப்பப்பட்டார்கள். எனவே 1942இல் புதிய முறையொன்றைத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். தலைவர் என்று ஒருவரையும் நியமிக்க மாட்டார்கள். யார் என்ன செய்கிறார் என்று ஓரமாக நின்று பார்ப்பார்கள். இதை வகுத்தவர்களில் வில்பிரட் பியொன் என்ற மனநல மருத்துவர் முக்கியமானவர்.

அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். என்ற போர்க்கால உளவு அமைப்பும் 1943இன் இறுதியில் தன் நாட்டில் இம்முறையைக் கைக்கொண்டது. ஓடையொன்றின் அருகே சிலரை நிறுத்தி, மரக்குற்றியும் பலகையும் கயிறும் கொடுத்து, பாரமான ஒரு பொருளை அக்கரைக்குக் கொண்டுபோகச் சொல்வது அவர்களுடைய பரீட்சைகளில் ஒன்று. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் நமது பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது, அதே ஓ.எஸ்.எஸ். அமைப்பின் ஒரு பிரிவும் கண்டியில் தங்கியிருந்தது. போர் முடிந்த பின் இம்முறை கம்பனிகளுக்குப் போயிற்று. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அன்ட் டி. 1956இல் தன் முகாமையாளர்களை இவ்வாறு ஆராயத் தொடங்கியது. பிறகு மற்றக் கம்பனிகளும் பின்பற்றின.

இந்த வரலாற்றை எதற்குச் சொல்கிறோம்? ‘உன் அப்பா யார்’ என்று கேட்ட முறை பலிக்காமற் போனதால்தான் ‘நீ என்ன செய்கிறாய், பார்ப்போம்’ என்ற முறை வந்தது. நமது பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாசல் இருக்கிறது. மழைக்கு ஏலம் பெருகிய நாளில் உர மூடையை அக்கரை சேர்த்த குடும்பங்கள் அல்லவா நாம்?

அந்த நாளில் என்ன நடக்கும்?

1. எண் பரீட்சையும் வாசிப்புப் பரீட்சையும்: இது பெரும்பாலும் கணினியில் முன்கூட்டியே நடக்கும். கணக்கு கடினமானதல்ல, ஆனால் நேரம் குறைவு. நூற்று வீதம், விகிதம், அட்டவணை வாசித்தல் ஆகியவையே அதிகம். ஓர் உதாரணம்: கரட் கிலோ 240 ரூபாவிலிருந்து 300 ரூபாவுக்கு ஏறினால் ஏற்றம் நூற்றுக்கு எத்தனை? 60ஐ 240ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 25. அதே கரட் 300இலிருந்து 240க்கு இறங்கினால்? 60ஐ 300ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 20. ஏறியதும் இறங்கியதும் அதே 60 ரூபாதான், ஆனால் வீதம் வேறு. இதில் தடுமாறும் பட்டதாரிகள் உண்டு. தினம் பத்துக் கணக்கு, நேரம் பார்த்துச் செய்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

2. குழு வேலை: நான்கு முதல் எட்டுப் பேர் வரை இருப்பார்கள். ஒரு பிரச்சினை, சில பக்கங்கள், குறித்த நேரம். முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

3. தனியாகச் செய்யும் வேலை: பல கடிதங்களையும் தகவல்களையும் கொடுத்து, எதை முதலில் கவனிக்க வேண்டும், ஏன் என்று எழுதச் சொல்வார்கள். அல்லது ஒரு நிறுவனத்தின் கதையையும் கணக்கையும் கொடுத்து ஆலோசனை கேட்பார்கள்.

4. பேச்சு: படித்துப் பார்த்ததை ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் அளித்தல்.

5. நேர்முகப் பரீட்சை: “ஒரு கருத்து வேறுபாட்டை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள்?” “ஒரு தவறு செய்தபோது என்ன செய்தீர்கள்?” என்பது போன்ற கேள்விகள். மனனம் செய்த பதில் இங்கு எடுபடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எதற்குப் புள்ளியிடுகிறார்கள்?

அவதானிப்பாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருக்கும். பிறர் சொல்வதைக் கேட்கிறாரா, காரணம் காட்டிப் பேசுகிறாரா, தகவலைக் கவனமாக வாசிக்கிறாரா, நேரத்தைப் பார்க்கிறாரா, பேசாதிருப்பவரையும் சேர்த்துக்கொள்கிறாரா, பிழை தெரிந்தால் ஒத்துக்கொள்கிறாரா என்பன போன்ற தலைப்புகள் அதில் இருக்கும். தாம் கண்டதையும் கேட்டதையும் அவர்கள் குறிப்பார்கள். பின்னர் எல்லோரும் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள்.

இதில் இரண்டு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, அதிகம் பேசுகிறவர் வெல்வார் என்பது தவறு. மற்றவரைப் பேசவிடாதவருக்குப் புள்ளி குறையும். இரண்டாவது, ஒன்றும் பேசாதவருக்கு எழுத எதுவும் இராது. மனதுக்குள் இருக்கும் நல்ல யோசனையை அவதானிப்பாளர் காண முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நமது பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்?

முதலாவது, மரியாதையும் மௌனமும் ஒன்றென்று நினைப்பது. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் வாயைத் திறக்காதிருப்பது ஒரு பாதுகாப்பாக இருந்தது. சோதனைச் சாவடியிலும் முகாம் வாசலிலும் ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்’ என்று நாமேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அன்று அது சரி. இந்த மேசையில் அது சரியல்ல. “இனிமேல் பேசு” என்று அதே பெற்றோர் வாய் திறந்து சொன்னால்தான் பிள்ளையின் மனக்கட்டு அவிழும்.

இரண்டாவது, எதற்கும் ‘நாங்கள் செய்தோம்’ என்பது. இந்தக் கட்டுரையையே ‘நாங்கள்’ என்றுதான் எழுதுகிறோம். அது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் நேர்முகப் பரீட்சையில் இருப்பவர் கேட்பது ‘அதில் நீ செய்த பங்கு என்ன?’ என்பதை. அதைச் சொல்வது தற்பெருமை ஆகாது.

மூன்றாவது, தம்மிடம் சொல்லத்தக்க அனுபவம் ஒன்றும் இல்லை என்று நம்புவது. நாம் கூறிய அந்த மகளும் அப்படியே நினைத்தார். “நகரத்துப் பிள்ளைங்க கிரிக்கெட் கெப்டன், சங்கத் தலைவர்னு சொல்றாங்க. நான் என்னத்த சொல்றது?” என்றார். பக்கத்தில் இருந்த தகப்பனார்தான் வாய் திறந்தார். “ஏம்மா, பீலித் தண்ணிக்கு லிஸ்ட் போட்டது யாரு?”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. வரட்சி மாதத்தில் ஒரே பீலிக்குப் பதினான்கு வீட்டார். தினமும் சண்டை. பதினைந்து வயதில் இந்தப் பிள்ளை ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டில் பார்த்தார். வீட்டுக்கு 25 நிமிடம் என்று கணக்கிட்டார். வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளை உள்ள வீடுகளுக்கும் விடியற்காலை முறையை ஒதுக்கினார். அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஒரு மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, முறையை வாரத்துக்கொரு தடவை மாற்றலாம் என்று இணங்கவைத்தார்.

இதை நான்கு படிகளாகச் சொல்லப் பழக்கினோம்.

நிலைமை: ஒரு பீலி, பதினான்கு வீடு, தினமும் தகராறு.

பொறுப்பு: எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்க வழி காண நான் முன்வந்தேன்.

செய்தது: நேரம் அளந்தேன், பட்டியல் போட்டேன், ஒத்துக்கொள்ளாதவரிடம் நேரில் பேசி ஒரு மாற்றம் செய்தேன்.

விளைவு: அந்த வரட்சி முடியும்வரை பட்டியல் நின்றது. ஒருவருக்கு ஒத்துவராத முறையை மாற்றத் தயங்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். நிவாரண வரிசையில் பெயர் எழுதிக் கொடுத்தது, அம்மாவுக்காகப் பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் பேசியது, தரகரின் தராசுக் கணக்கில் பிழை பிடித்தது, தம்பிமாருக்குப் பாடம் சொன்னது எல்லாம் அனுபவங்களே. பிள்ளை மறந்திருக்கும். பெற்றோர் ஞாபகப்படுத்துங்கள்.

வீட்டிலேயே செய்யும் ஒரு பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே இதைச் செய்து பாருங்கள். ஆறு பேர் சேருங்கள். பட்டதாரிகள் மட்டும் வேண்டும் என்றில்லை. முதல் தடவை தமிழில் செய்யுங்கள். நேரம் 30 நிமிடம். இது நாங்கள் பயிற்சிக்காக அமைத்த கதை.

மரக்கறிச் செய்கையாளர் சங்கமொன்றின் வங்கிக் கணக்கில் 15 இலட்சம் ரூபா உண்டு. மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன.

அ. பிளாஸ்டிக் கூடை 400. ஒன்று 2,000 ரூபா. மொத்தம் 8 இலட்சம்.

ஆ. சேகரிப்புக் கொட்டகை. 9 இலட்சம்.

இ. நல்ல தராசும் கணக்குப் பதிவு வசதியும். 3 இலட்சம்.

சங்கம் வாரத்துக்கு 2,000 கிலோ மரக்கறியைத் தம்புள்ளைக்கு அனுப்புகிறது. சாக்கில் கட்டுவதால் 100 கிலோவுக்கு 20 கிலோ பழுதாகிறது. கூடையில் அனுப்பினால் 8 கிலோதான் பழுதாகும். ஒரு கூடை 20 கிலோ கொள்ளும். சராசரி விலை கிலோ 100 ரூபா. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு குறிப்பு: ‘3 இலட்சம் ரூபா கடன் இம்மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும்.’

எதற்குச் செலவழிப்பது?

முதலில் நீங்களே பேசி முடிவெடுங்கள். பிறகு கீழே வாசியுங்கள்.

கடைசி வரியைக் கவனித்தவருக்குத் தெரியும், கையில் இருப்பது 15 அல்ல, 12 இலட்சம். அவும் இயும் சேர்ந்தால் 11 இலட்சம். ஆவும் இயும் சேர்ந்தால் சரியாக 12, கையில் ஒரு சதமும் மிஞ்சாது. அவும் ஆவும் 17, முடியாது. இனி இலாபத்தைப் பார்ப்போம். இப்போது வாரம் 400 கிலோ பழுது. கூடையில் 160 கிலோ. மிச்சம் 240 கிலோ, அதாவது 24,000 ரூபா. 8 இலட்சம் திரும்பிவர ஏறக்குறைய 34 வாரம்.

இவ்வளவும் சொன்னால் நல்ல புள்ளி. ஆனால் யாராவது ஒருவர் “400 கூடை எதற்கு?” என்று கேட்டாரா? வாரம் 2,000 கிலோவுக்கு 100 கூடை போதும். போன கூடை திரும்பி வரும்வரை இன்னொரு 100. ஆக 200 கூடை, 4 இலட்சம். அது 17 வாரத்தில் திரும்பிவிடும், கையில் பணமும் மிஞ்சும். கொடுத்த தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கேள்வி கேட்பதுதான் கணக்காய்வாளரின் வேலை. சாக்கையும் கூடையையும் கையால் தூக்கிய வீட்டுப் பிள்ளைக்கு இக்கேள்வி வருவது கடினமல்ல.

பயிற்சியின்போது ஒரு மூத்தவரை அவதானிப்பாளராக இருத்துங்கள். எழுத்தறிவு வேண்டியதில்லை, கோடு போடத் தெரிந்தால் போதும். காரணத்தோடு பேசியதற்கு ஒரு கோடு, பிறர் சொன்னதை எடுத்து வளர்த்ததற்கு ஒரு கோடு, பேசாதவரை அழைத்ததற்கு ஒரு கோடு, குறுக்கே வெட்டியதற்கு ஒரு வட்டம். முடிவில் எல்லோருக்கும் காட்டுங்கள். இரண்டாம் தடவை அதே கதையை ஆங்கிலத்தில் பேசுங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படும் பிள்ளைக்கு நான்கு சிறு வாக்கியங்கள் போதும், கதவு திறக்கும். “மே ஐ ஆட் சம்திங்?” என்றால் ‘நானும் ஒன்று சேர்க்கலாமா?’ “ஐ திங்க் வீ மிஸ்ட் வன் ஃபிகர்” என்றால் ‘ஒரு தொகையை விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்.’ “வட் டூ யூ திங்க்?” என்றால் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ “வீ ஹாவ் டென் மினிட்ஸ் லெஃப்ட்” என்றால் ‘இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.’ முதல் ஐந்து நிமிடத்துக்குள் இவற்றில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். முதல் வாக்கியம் வாயை விட்டு வந்தால் அடுத்தது தானாக வரும். இலக்கணப் பிழை வரட்டும், கணக்குப் பிழை வராமல் பார்த்தால் சரி.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பத்திரங்களைத் தேடி ஒழுங்குபடுத்துங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, பட்டச் சான்றிதழ் ஆகியன தேவைப்படும். ஓட்டத்தில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அழைப்புக் கடிதம் வந்த பிறகு ஓட வேண்டாம். பெயரின் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள்.

2. முதல் நாளே அனுப்புங்கள். கண்டியிலிருந்து கொழும்புக்கு வீதியால் ஏறக்குறைய 115 கிலோமீற்றர். மழைக்காலத்தில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்தால் பாதை தடைப்படும். உறவினர் வீட்டிலோ தெரிந்த விடுதியிலோ தங்க ஒழுங்கு செய்யுங்கள். மகள் தனியே போக வேண்டுமே என்பதற்காகப் பரீட்சையை விட்டுவிடச் சொல்லாதீர்கள். கூட ஒருவர் போய் வாருங்கள்.

3. நகையை அடகு வைத்துக் கோட்டு தைக்க வேண்டாம். சுத்தமாகத் துவைத்து மடித்த உடுப்பும் துடைத்த செருப்பும் போதும். இரவல் சேலையில் குறைவு ஒன்றுமில்லை.

4. கணினி வழிப் பரீட்சை என்றால், அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் சத்தம் இல்லாமல் பாருங்கள். சிக்னல் இல்லாத இடமானால் முன்கூட்டியே வேறு இடம் கேட்டு வையுங்கள். ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கவும் அமைதியாக இருந்து படிக்கவும் கண்டியில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் அலகிலும் பிள்ளை போய் விசாரிக்கட்டும். அது அவர்களுக்காகவே உள்ளது.

5. காசு கேட்டால் எச்சரிக்கையாகுங்கள். நேர்மையான நிறுவனம் தெரிவுப் பரீட்சைக்கோ வேலைக்கோ பணம் வாங்காது. பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எத்தனை வருடம், எவ்வளவு கொடுப்பனவு, இடையில் விலகினால் என்ன என்பவற்றை வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

நியாயம் பற்றி ஒரு வார்த்தை

இந்த முறை முற்றிலும் நியாயமானது என்று நாங்கள் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் பேசிய பிள்ளைக்கும், முகாமில் நிலத்தில் இருந்து எழுத்துப் படித்த பிள்ளைக்கும் ஒரே மேசை, ஒரே அரை மணித்தியாலம். பார்க்கிற கண்ணும் மனிதக் கண்தான். சரளமான நாக்கைத் திறமை என்று அது மயங்கவும் கூடும். ஆகவே தெரிவு செய்யப்படாத பிள்ளையிடம் “உனக்குப் புத்தி போதாது” என்று ஒருவரும் சொல்லக்கூடாது. ஒரு நாளில், ஓர் அறையில், சிலர் கண்டதுதான் அந்தத் தீர்ப்பு. “எனது குறை என்ன என்று தயவுசெய்து அறியத் தருவீர்களா?” என்று பணிவாக எழுதிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் பதில் தரும்.

விதை முளைக்காத வருடத்தில் நாம் காணியை விட்டோமா? அடுத்த போகத்துக்கு ஏர் பூட்டினோம். அப்படித்தான் இதுவும்.

அந்த மகள் மூன்று மாதம் எங்கள் மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருந்து பழகினார். முதல் வாரங்களில் குரல் மேசையைத் தாண்டவில்லை. பின்னர் வேறொரு நிறுவனத்தின் அழைப்பு வந்தது. குழு வேலையில் நான்காம் நிமிடத்தில் “மே ஐ ஆட் சம்திங்?” என்றாராம். நேர்முகப் பரீட்சையில் பீலிக் கதையைச் சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் “அந்த மாமா பிறகு என்ன சொன்னார்?” என்று விசாரித்தாராம். இப்போது அவர் கண்டி நகரில் கணக்காய்வுப் பயிலுநர். கொடுப்பனவு பெரிதல்ல. ஆனாலும் அவ்வீட்டில் மாதம் முடிய வருமென்று நம்பியிருக்கக்கூடிய முதற் பணம் அதுதான்.

தகப்பனார் எங்களிடம் ஒன்று சொன்னார். “காணிய ரெண்டு தரம் விட்டுட்டு வந்தோம். புள்ள கத்துக்கிட்டத மட்டும் யாராலயும் புடுங்க முடியல. ஆனா அத வாயத் தொறந்து சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல.”

தெரிந்துகொண்டோம். இனி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுவோம்.

குழுவில் கலந்துரையாட:

1. நம் வீட்டுப் பிள்ளைகள் முன்வந்து தீர்த்துவைத்த பிரச்சினைகள் யாவை? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லுங்கள். அதை நான்கு படிகளாக்கிப் பாருங்கள்.

2. ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்’ என்று எப்போது சொல்லிக் கொடுத்தோம்? இன்றும் அது தேவையா? எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

3. மரக்கறிச் சங்கப் பயிற்சியில் உங்கள் குழு என்ன முடிவு எடுத்தது? யாருடைய கருத்து கேட்கப்படாமல் போயிற்று? ஏன்?

4. நம் பகுதியில் பட்டம் முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மாதம் ஒரு தடவை அவர்களைக் கூட்டிப் பயிற்சி நடத்த யார் இடம் தருவார், யார் பொறுப்பெடுப்பார்?